நாலு பத்துக்கு வந்த போன்

ஜூன் 3, திங்கள்

காலை எட்டரைக்கு வர வேண்டிய பெட்டி 9.20க்கு வந்தது. ஐம்பது நிமிடம் தாமதம். கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்த ஓட்டுநர், “வழியெல்லாம் டிராஃபிக்குங்க சார்” என்றார். முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் டைம்கீப்பராக உட்கார்ந்திருந்தவன் நான். அதே காரணத்தை இதைவிட அழகாகச் சொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெட்டி ஏழடி நீளம். மேலே கண்ணாடி மூடி, அடியில் மோட்டார், உருட்டிப் போக நாலு சக்கரம். விற்கிறவர்கள் ஃப்ரீசர் பாக்ஸ் என்கிறார்கள். எங்கள் தாராபுரத்தில் ஐஸ் பொட்டி. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், தூரத்தில் இருக்கிறவர்கள் வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க இதை வாடகைக்கு எடுப்பார்கள். ரிட்டயர் ஆனபோது வந்த பணத்தில் ஒரு பகுதியை இதில் போட்டுவிட்டேன். அறுபத்தோரு வயதில் சொந்தத் தொழில்.

இறக்குவதற்கு நாச்சிமுத்துவைக் கூப்பிட்டிருந்தேன். முன்பு மினி பஸ் ஓட்டியவன், இப்போது குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறான். ஐம்பது வயது ஆகிறது, வாய் மட்டும் ஓய்வதில்லை. பெட்டியைச் சுற்றி ஒரு நடை வந்து பார்த்துவிட்டு, “ஏனுங்ண்ணா, பூசை கீசை ஏதாச்சும் போட வேண்டாமுங்களா?” என்றான்.

“போட்டு என்னன்னு வேண்டிக்கறது?”

கொஞ்சம் யோசித்தான். “அதுஞ் செரித்தான்.”

முன்னறையில் என் மனைவி மரகதத்தின் கட்டில் கிடந்த இடம் காலியாக இருந்தது. அங்கே தள்ளி நிறுத்தினோம். அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்திவிட்டது. நாச்சிமுத்து அதைப் பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போனான்.

ஜூன் 4, செவ்வாய்

சோதனை ஓட்டம். உள்ளே இருபது தண்ணீர் பாட்டிலும் ஒரு தர்பூசணியும் வைத்து 6.00 மணிக்கு சுவிட்ச் போட்டேன். 7.00க்குப் பதினாறு டிகிரி. 8.00க்கு ஒன்பது. 9.30க்கு நாலு. அதற்குப் பிறகு அசையவில்லை. நல்ல இயந்திரம், சொன்ன வேலையைச் செய்கிறது.

மதியம் தர்பூசணியை அறுத்தேன். ஒரு ஆளுக்கு அது அதிகம். பாதியைப் பக்கத்து வீட்டுப் பூங்கொடியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாரத்தில் இரண்டு நாள் குழம்பு கொடுத்தனுப்புகிறவள், பதிலுக்கு நானும் ஏதாவது கொடுக்க வேண்டாமா.

“அட, என்னங்ண்ணா இத்தனை ஜில்லுனு இருக்குது! புது ஃப்ரிட்ஜுங்களா?”

உண்மையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது என்று அவள் தட்டைக் கீழே வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. சாயந்திரம் குப்பை வண்டியில் அந்தப் பாதிப் பழம் போவதைப் பார்த்தேன். எனக்கொன்றும் வருத்தமில்லை.

மோட்டாரை நிறுத்தலாம் என்று போனேன். நிறுத்தவில்லை. லேசாக ஒரு ரீங்காரம், அவ்வளவுதான். ஒரு வருடமாக இந்த வீட்டில் என் செருப்புச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. இன்னும் ஒரு நாள் ஓடட்டும், சோதனை முழுமையாக இருக்கும்.

ஜூன் 9, ஞாயிறு

மதியம் 1.30க்கு மகள் வாணி பேசினாள். அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, மழை உண்டா. வழக்கமான மூன்று கேள்விகள்.

“என்னப்பா அது சத்தம்?”

“ஃப்ரிட்ஜு சாமி.”

“புதுசுங்களா?”

“ஆமா.”

பிறகு, “வேற ஏதாச்சும் இருக்குங்களாப்பா?” என்றாள். எப்போதும் கடைசியில் கேட்பதுதான். “ஒண்ணுமில்ல சாமி” என்றேன். அதுவும் எப்போதும் சொல்வதுதான். இரண்டு நிமிடம், நாற்பது வினாடி.

ஜூன் 12, புதன்

கார்டு அடிக்க ஃப்ளெக்ஸ் கடை கந்தவேலிடம் போனேன். ஊரில் கண்ணீர் அஞ்சலி பேனர் எல்லாம் இவர்தான் அடிக்கிறார். ஒரு சாவு நடந்தால் பந்தல்காரர், பூக்கடைக்காரர், இவர், மூன்று பேருக்குத்தான் முதலில் போன் போகும். அந்த மூன்று பேர் கையிலும் என் நம்பர் இருந்தால் போதும், தனியாக விளம்பரம் தேவையில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன்.

“பேரு என்னங்க போடறது?” என்றார் கந்தவேல்.

அதை நான் யோசிக்கவே இல்லை. சாமி பெயர் வைக்க முடியாது. சொந்தப் பெயரைப் போட்டால், அர்த்தநாரி ஐஸ் பொட்டி என்று ஊர் கூப்பிடும். “மரகதம்னு போடலாங்களா? அக்கா பேரு,” என்றார். வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவர் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பிப் பார்த்தார். கடைசியில் ‘ஃப்ரீசர் பாக்ஸ்’ என்ற இரண்டு சொல்லும் என் போன் நம்பரும் மட்டும்.

“இத்தனை தொழில் இருக்கறப்ப இது எதுக்குங்க?” என்று கேட்டார். எல்லோரும் கேட்கப் போகிற கேள்வி. ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைத்துக்கொள்கிறேன்.

போன வருடம் மே 12, வெள்ளிக்கிழமை, காலை 11.40க்கு மரகதம் போய்விட்டாள். வாணி வந்து சேர ஞாயிறு காலை ஆகும் என்றாள். ஊரில் இருந்த இரண்டு பெட்டியும் வேறு வீடுகளுக்குப் போயிருந்தன. மே மாத வெயில். பெட்டி கிடைக்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு எடுத்துவிட்டோம். வாணிக்கு அம்மாவின் முகம் பார்க்கக் கிடைக்கவில்லை. இன்னொரு வீட்டில் அப்படி நடக்கக் கூடாது, அதற்காகத்தான் இந்தத் தொழில்.

இதைத்தான் கந்தவேலிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, கார்டுக்குக் கூலி வேண்டாம் என்றார். நான் கட்டாயப்படுத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

கார்டு கொடுப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. பேருந்து நிலையத்து டீக்கடையில் எனக்கு முப்பது வருடப் பழக்கம். கடைக்காரர் கார்டை வாங்கினார், படித்தார், சட்டைப் பையில் வைக்கப் போனார், அங்கே வைக்க மனசு வராமல் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அதற்கும் மனசு வராமல் கடைசியில் சிலிண்டர் இடுக்கில் செருகினார்.

“நல்லா நடக்கோணும்னு வாய் வரைக்கும் வந்துருச்சுங்க. எப்படீங்க சொல்றது?” என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். இந்த வாரம் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கூட வேலை பார்த்த ஒருவர் என்னைப் பார்த்ததும் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனார். செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர், அவருக்கு அப்படிப் போய்ப் பழக்கமில்லை, ஆட்டோவில் இடித்துக்கொள்ளப் பார்த்தார்.

ஜூன் 20, வியாழன்

போன் வரவில்லை. வர வேண்டும் என்று நினைக்கவும் முடியாது. யாருக்கும் வாய்க்காத தொழில்தான் எனக்கு வாய்த்திருக்கிறது.

பூங்கொடி வீட்டுக் குழம்பும் நின்றுவிட்டது. நன்றாகத்தான் புளி போடுவாள்.

ஜூன் 25, செவ்வாய்

பெட்டிக்குள் கம்பெனிக்காரர்கள் நீல விளக்கு வைத்திருந்தார்கள். எதற்கு என்று தெரியவில்லை. நீல வெளிச்சத்தில் முகம் முகமாகத் தெரியாது. கழற்றிவிட்டுச் சாதாரண வெள்ளை விளக்கு மாட்டினேன். கண்ணில் கூசுகிற மாதிரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு ஒரு ஆள் வேண்டும். ஆள் யாரும் இல்லாததால் மோட்டாரை நிறுத்திவிட்டு, துண்டு விரித்து நானே படுத்துப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து நாச்சிமுத்து கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. “சாமி சத்தியமா இனி தட்டாம உள்ள வரமாட்டனுங்ண்ணா,” என்று அரை மணி நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காபி போட்டுக் கொடுத்தேன். இந்த வீட்டில் நான் இரண்டு தம்ளர் காபி போட்டுப் பல மாதம் ஆகிறது. அளவு தெரியாமல் பால் மிஞ்சிவிட்டது.

உள்ளே படுத்திருந்தபோது ஒன்று தெரிந்தது. படுத்திருப்பவருக்கு வெளியே நிற்கிறவர்களின் முகம் நன்றாகத் தெரியும். கண் திறந்திருந்தால்.

ஜூன் 30, ஞாயிறு

வாணி. இரண்டு நிமிடம், பத்து வினாடி.

“தனியா என்னப்பா பண்றீங்க நாளெல்லாம்?”

“பொழுது போகுது சாமி.”

“வேற ஏதாச்சும் இருக்குங்களாப்பா?”

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் இருந்தது. தொழில் விஷயத்தைத்தான். எழவு வீட்டுக்குப் பெட்டி வாடகைக்கு விடுகிறேன் என்றால் ஏன் என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

முதல் அழைப்பு. காலை 6.50. பந்தல்காரர் சொல்லிவிட்டிருக்கிறார். தொண்ணூற்றிரண்டு வயதுப் பெரியவர், பேரன்கள் மதியம் சென்னையிலிருந்து வந்துவிடுவார்கள். 7.35க்கு நானும் நாச்சிமுத்துவும் அங்கே இருந்தோம். எல்லாம் ஒழுங்காக நடந்தது, ஒன்றைத் தவிர.

சுவிட்ச் போட்டு, டிகிரி பார்த்து, எல்லாம் சரி என்றதும் வாசலில் நின்று பழக்க தோஷத்தில், “போயிட்டு வரேனுங்க” என்றேன். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரியும். அதிலும் ஐஸ் பொட்டிக்காரன் வருகிறேன் என்று சொன்னால்! அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். நாச்சிமுத்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். வண்டியில் ஏறிய பிறகு ஊர் எல்லை தாண்டும்வரை சிரித்தான்.

மாலையில் பெட்டியைக் கழுவித் துடைத்து மறுபடி முன்னறையில் நிறுத்தினேன். பகல் முழுக்க அது இல்லாமல் அறை பெரிதாக இருந்தது. மோட்டாரைப் போட்டேன். சோதனைக்கு என்று இனி எழுத வேண்டியதில்லை. சத்தத்துக்காகத்தான் போடுகிறேன்.

ஜூலை 14, ஞாயிறு

வாணி. ஒரு நிமிடம், ஐம்பத்தைந்து வினாடி. டூட்டிக்கு நேரமாகிவிட்டதாம்.

ஜூலை 24, புதன்

நேற்று காலை போனவன் இன்று மதியம்தான் வீடு வந்தேன். குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

நேற்று 7.05க்கு போன். ஆவரங்காட்டு வலசு என்ற ஊர், இங்கிருந்து பதினாறு கிலோமீட்டர். இறந்தவர் ருக்குமணி, அறுபத்து மூன்று வயது. இரண்டு மகன்கள். மூத்தவர் மயில்சாமி ஊரில் விவசாயம். இளையவன் கதிரவன் ராணுவத்தில், வடகிழக்கில் எங்கோ எல்லையில். விடுப்பு வாங்கி, விமானம் பிடித்து, புதன் பதினோரு மணிக்குத்தான் வந்து சேர முடியும் என்று சொல்லியிருக்கிறான்.

நாங்கள் போய் இறங்கியபோதே ஊரில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம். மைக் செட் கட்டியிருந்தது, ஆனால் பாட்டு ஓடவில்லை. மாரியம்மன் கோயிலுக்கு நோம்பி சாட்டியிருக்கிறார்கள். சாயந்திரம் ஆறு மணிக்கு கம்பம் நட்டுத் திருவிழாவைத் தொடங்க வேண்டும். ஊருக்குள் பிணம் கிடக்கும்போது கோயில் நடை திறக்க முடியாது. எடுத்த பிறகுதான் எதுவும்.

பதினொன்றரை மணிவாக்கில் சென்னியப்பன் என்பவர் என்னைக் கட்டுத்தரைப் பக்கம் கூப்பிட்டார். இறந்தவருக்குக் கொழுந்தன், கோயில் கமிட்டியிலும் பெரிய ஆள். வெள்ளை வேட்டி, அமைதியான பேச்சு. கெட்டவராகத் தெரியவில்லை.

“பொட்டி எத்தனை நேரந் தாங்குமுங்க?”

“எத்தனை நேரம்னாலும் தாங்குமுங்க.”

“அதை அப்படிச் சொல்ல வேண்டாமுங்க.” மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே பேசினார். “கரண்டு செரியில்லீங்க, மெஷினு அந்தி வரைக்குந்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நாங்க எடுக்கலாம்னு சொன்னா பையன் நாளைக்கு எங்களைக் கேப்பான். மெஷின்காரரு சொல்லிட்டாருன்னா ஆரு மேலயும் தப்பு வராது பாருங்க.”

மெஷின் மேல் தப்பைப் போட்டுவிட்டால் ஆள் மேல் வராது. அது எனக்குத் தெரியாதா. நான் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன், அதை மறைப்பானேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு முன்னால் போனார்.

பந்தலுக்கு வந்தபோது மயில்சாமி போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ரயிலோ விமான நிலையமோ, ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் அந்தப் பையன் கத்திக் கத்திக் கேட்கிறான்: “அண்ணா, தாங்குமான்னு கேளுண்ணா. பொட்டிக்காரரைக் கேளு. நாளைக்குப் பதினொண்ணு வரைக்கும் தாங்குமா?”

மயில்சாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். சென்னியப்பன் கண்ணை மூடித் திறந்தார், சொல்லுங்கள் என்று.

“ஏனுங்க, தாங்குமுங்களா?” என்றார் மயில்சாமி.

பேருந்து நிலையத்தில் ஒரு நாள்கூட யாருக்காகவும் ஒரு வண்டியை நிறுத்தி வைத்தவன் இல்லை நான். படியில் ஒரு கால் வைத்தவர்களைக்கூட விட்டுவிட்டு விசில் ஊதியிருக்கிறேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

“தாங்குமுங்க,” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. போனுக்குப் பக்கத்தில் போய், “தம்பி, நாளைக்கல்ல, நாளான்னைக்கு வந்தாலும் அம்மா இருப்பாங்க. கரண்டு போனா இன்வெர்ட்டர் இருக்குது. அதுவும் போனா நான் இருக்கறேன். நீங்க மெதுவா வாங்க” என்றேன்.

அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு லைன் போய்விட்டது.

சென்னியப்பன் எழுந்து போனார். போகும்போது என்னிடம் சத்தமில்லாமல், “இனி இந்தச் சுத்துப்பட்டுல உங்க வண்டி வராதுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று நாச்சிமுத்து கவலைப்பட்டான். அவர் பேச்சுக்குக் கட்டுப்பட்டது எட்டு ஊர். கோயிலில் கூடிப் பேசி, கம்பம் நடுவதை மறுநாள் சாயந்திரத்துக்குத் தள்ளி வைத்தார்கள். அம்மன் ஒன்றும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

நான் கிளம்பவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். நாலு டிகிரி, நாலு டிகிரி, நாலு டிகிரி. இன்று காலை கண்ணாடியில் ஈரம் படியப் படியத் துடைத்துவிட்டேன். முன்பின் தெரியாத அம்மாள். இடது புருவத்துக்கு மேல் ஒரு பழைய தழும்பு. எப்படி வந்ததோ.

பையன் 11.25க்கு வந்தான். இருபத்தைந்து நிமிடம் தாமதம். பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை, அப்படியே வந்து கண்ணாடி மேல் கையை வைத்தான். “திறக்கலாங்களா?” என்று என்னிடம்தான் கேட்டான். திறந்துவிட்டேன். அவன் அந்தத் தழும்பைக் கட்டைவிரலால் தடவினான். “நான் எறிஞ்ச கல்லு,” என்றான், யாரிடமும் இல்லை. பிறகுதான் அழுதான்.

நான் வெளியே வந்து தெருவைப் பார்த்து நின்றுவிட்டேன். நாச்சிமுத்துவும் வந்து நின்றான்.

எல்லாம் முடிந்து பெட்டியை ஏற்றும்போது பையன் வண்டிவரைக்கும் வந்தான். நன்றி சொல்கிற இடமா அது. நின்றான். நானும் நின்றேன். இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 25, வியாழன்

ஜூன் 12ஆம் தேதி நான் எழுதியது பொய். கந்தவேலிடம் சொன்னது பொய். வாணியிடம் சொன்னதும் அதுதான்.

பெட்டி கிடைத்தது. அன்றைக்கு 4.10க்கு ஒரு போன் வந்தது. உடுமலையிலிருந்து பேசுவதாக ஒருவர் சொன்னார். “பொட்டி ரெடிங்க, வண்டில ஏத்தியாச்சு, ஐம்பது நிமிசத்துல வந்துருவோம்” என்றார். ஐந்து மணிக்கு எடுப்பதாக எல்லோருக்கும் சொல்லியாயிற்று. சனிப் பிணம் துணை தேடும், வைத்திருக்க வேண்டாம் என்று சொந்தக்காரர்கள் வேறு. அதெல்லாம் காரணமே இல்லை. காரணம் இதுதான்: பெட்டி வந்தால் ஞாயிறுவரை இரண்டு நாள் நான் அவளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணாடிக்குள் மரகதத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஐந்து மணிக்கு முடிந்துவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். “வேண்டாமுங்க, எடுக்கப் போறோம்” என்றேன். அவர் “உங்க...” என்று ஏதோ சொல்ல வந்தார். வைத்துவிட்டேன். 5.00 மணிக்கு எடுத்தோம். ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லை.

வாணி அப்போதுதான் அங்கிருந்து கிளம்பியிருந்தாள். ஞாயிறு காலை வந்து, காலியான கட்டிலைப் பார்த்து நின்றாள். போட்டோ எடுத்திருந்தார்கள். பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மதியம் ஒரு மணிக்கு போன் செய்தேன். அங்கே காலை எட்டரை, நைட் டூட்டி முடிந்து வீடு வரும் நேரம். நானாக இதுவரை கூப்பிட்டதில்லை, இன்று ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

“அப்பா? என்னாச்சுங்கப்பா? ஒடம்புக்கு ஏதாச்சுமா?”

“ஒண்ணுமில்ல சாமி, ஒடம்பு நல்லாத்தான் இருக்குது. ஒரு விசயம் சொல்லோணும். அந்தச் சத்தம் ஃப்ரிட்ஜு இல்ல சாமி. ஐஸ் பொட்டி. வாடகைக்கு உடறேன். வாங்கி ரெண்டு மாசம் ஆகப்போகுது.”

இதோடு நிறுத்திக்கொண்டால் இதோடு போகும் என்று ஒரு நினைப்பு வந்தது. விடாமல் சொல்லிவிட்டேன். நாலு பத்துக்கு வந்த போன், நான் வேண்டாம் என்றது, பயந்தது, எல்லாம். எங்கும் நிறுத்தாமல் சொன்னேன், நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும்.

“தெரியுமுங்கப்பா.”

“என்ன தெரியும்?”

“அந்தப் பொட்டி நான் ஏற்பாடு பண்ணுனது. ஏர்போர்ட்டுல நின்னுட்டு, என்கூடப் படிச்ச நித்யாவுக்கு போன் பண்ணி, அவங்க உடுமலை மாமாகிட்டச் சொல்லி. நீங்க வேண்டாம்னுட்டீங்கன்னு நடுவுல பிளேன் மாற இறங்குனப்பவே மெசேஜ் வந்துருச்சு. மீதித் தூரம் அதைத் தெரிஞ்சுட்டுத்தான் வந்தேன்.”

பெட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். “அப்பறம் ஏஞ்சாமி கேக்கல? ஒரு வருசத்துக்கு மேல ஆச்சே.”

“நீங்களாச் சொல்லோணும்னு இருந்தேன். வாராவாரம் கேட்டனேப்பா, வேற ஏதாச்சும் இருக்குதான்னு. சொல்ற வரைக்கும் காத்திருக்கலாம்னுதான்...” அதற்குள் அழுகை வந்துவிட்டது.

மன்னித்துவிடு என்று சொன்னேன். சொன்னதாகத்தான் நினைக்கிறேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு என்மேல் இன்னும் கோபம் இருக்கிறது, குரலில் தெரிகிறது. இருக்கட்டும். நியாயம்தானே. பிறகு அழுகை அடங்கி, சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேட்கிற குரலில் கேட்டாள்.

“அம்மா மொகம் எப்படிப்பா இருந்துச்சு?”

அவளிடம் யாரும் சொல்லவில்லை. என்னிடமும் யாரும் கேட்டதில்லை. சொன்னேன். குங்குமம் கொஞ்சம் பெரிசாக வைத்துவிட்டார்கள், அவள் எப்போதும் சின்னதாகத்தான் வைப்பாள் என்று. மூக்குத்தி கழலவில்லை, அப்படியே விடச் சொன்னேன் என்று. இடது கண் முழுசாக மூடவில்லை, வாசல் பக்கம் பார்க்கிற மாதிரி இருந்தது என்று. வேப்பம்பூ இரண்டு தலைமுடியில் விழுந்து கிடந்தது, எடுக்க மனசு வரவில்லை என்று. பச்சைப் புடவையா என்று கேட்டாள். ஆமாம், நீ வாங்கிக் கொடுத்ததுதான் என்றேன். அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள், நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பயந்துகொண்டு நான் பார்க்கவே இல்லை என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் பார்த்திருக்கிறேன்.

பேசி முடித்தபோது முன்னறையில் வெயில் சாய்ந்து பெட்டிமேல் விழுந்திருந்தது. எத்தனை நிமிடம் என்று போனில் இருக்கும். நான் பார்க்கவில்லை.